டாஸ்பாக்ஸுக்குக் கொடுத்த ஆர்கியுமென்ட் எங்கே காணாமல் போகிறது?

பழைய டாஸ் புரோகிராம் ஒன்றை, டாஸ் கணினி மாதிரி நடிக்கும் எமுலேட்டரான டாஸ்பாக்ஸில் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. ஒரு ஃபோல்டரை டிரைவாக இணைத்து, அதாவது மவுண்ட் செய்து, அந்த டிரைவுக்குப் போய், பெயரைத் தட்டினால் ஓடிவிடும். அதையே டெர்மினலிலிருந்து ஒரே வரியில், ஆர்கியுமென்ட் (புரோகிராம் பெயருக்குப் பின்னால் அதற்குக் கொடுக்கும் சொற்கள்) எல்லாம் சேர்த்து ஓடவைக்கலாம் என்று உட்காரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. பாதி வரி தொலைந்துபோகும், அல்லது மேற்கோள் குறி புரோகிராமுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் எந்தப் புகாரும் இல்லாமல் ஆர்கியுமென்ட் இல்லாமலேயே ஓடிவிடும். கடைசியாகச் சொன்னதுதான் மோசம், ஏனென்றால் தப்பு நடந்ததே தெரியாது.

நீங்கள் தட்டும் வரியை மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் படிக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முதலில் தட்டும் கட்டளையைப் படித்து ஓட்டும் உங்கள் கணினியின் ஷெல், அதாவது பாஷ், விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் மாதிரி ஏதோ ஒன்று. அப்புறம் டாஸ்பாக்ஸும் அதற்குள் இருக்கும் அதன் சொந்த ஷெல்லும். கடைசியில் அந்த டாஸ் புரோகிராம். மூவருக்கும் மேற்கோள் விதி வேறு வேறு. ஆகவே எதையும் மாற்றிப்பார்ப்பதற்கு முன், யார் கையில் தொலைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் டாஸ்பாக்ஸ் 0.74-3 பதிப்பை வைத்து. டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஆகிய கிளைப் பதிப்புகளில் சில நடத்தைகள் மாறும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். குறிகள் மட்டும் இங்கே இருக்கிறபடியே வர வேண்டும்.

முதலில் இரண்டு சோதனைகள்

லினக்ஸ், மேக் என்றால் நீங்கள் தட்டும் வரியில் டாஸ்பாக்ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிரிண்ட்எஃப் போட்டுப் பாருங்கள் (-சி என்பது டாஸ்பாக்ஸிடம் ஒரு கட்டளையை ஓட்டச் சொல்லும் ஆப்ஷன்):

பிரிண்ட்எஃப் '<%எஸ்>\என்' -சி "மவுண்ட் சி ~/கேம்ஸ்" -சி சி:

ஷெல் எதை ஒரே துண்டாகக் கொடுக்கிறது, எதை உடைக்கிறது என்பது கோண அடைப்புக்குள் வரிவரியாகத் தெரிந்துவிடும். இங்கேயே உடைந்திருந்தால் டாஸ்பாக்ஸைத் திட்டி லாபமில்லை.

டாஸ்பாக்ஸுக்கு உள்பக்கத்துக்கு, டர்போ சி என்ற பழைய கம்பைலர் இருந்தால் ஆர்க்சி (எத்தனை துண்டு வந்தது) எண்ணையும் ஆர்க்வி (வந்த துண்டுகள்) ஒவ்வொன்றையும் சதுர அடைப்புக்குள் அச்சிடும் ஆறு வரிப் புரோகிராம் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சோம்பலாக இருந்தால் 'எக்கோ [%1] [%2] [%3]' என்று ஒரே வரியில் ஒரு பேட்ச் ஃபைல் (டாஸ் கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டும் ஃபைல்) போதும். ஆனால் அதை முழுசாக நம்ப வேண்டாம், காரணம் கீழே வரும்.

அறிகுறி: டிரைவ் பட்டியல் வருகிறது, சி டிரைவ் இல்லை என்கிறது, ஆனால் கடைசியில் சி பிராம்ப்ட்டில்தான் நிற்கிறது

முதல் தடவை பார்க்கிறவர்களை இதுபோல் குழப்புவது வேறொன்றில்லை. டூம் என்ற பழைய ஆட்டத்தை ஓட்டப் பார்த்த வரி இப்படி இருந்திருக்கும்:

டாஸ்பாக்ஸ் -சி மவுண்ட் சி ~/கேம்ஸ் -சி சி: -சி டூம்

ஒரு -சி தனக்கு அடுத்துள்ள ஒரே ஒரு துண்டை மட்டும்தான் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள் இல்லாததால் அதற்குக் கிடைத்தது 'மவுண்ட்' மட்டும். வெறும் மவுண்ட் என்றால் எந்தெந்த டிரைவ் இருக்கிறது என்று பட்டியல் போடும். அடுத்த 'சி:' தோற்கும், டிரைவே இல்லையே. அதற்கடுத்த டூம் 'இல்லீகல் கமாண்ட்' என்று விழும். இதற்குப் பிறகுதான் வேடிக்கை: அனாதையாக நிற்கும் ~/கேம்ஸ் என்ற துண்டு உண்மையாகவே ஒரு ஃபோல்டராக இருப்பதால், 'ஓ, இதைத்தான் திறக்கச் சொல்கிறார்' என்று டாஸ்பாக்ஸ் அதைத் தானாகவே சி டிரைவாக மவுண்ட் செய்து அங்கே போய் நிற்கும். பார்க்கிறவருக்கு மவுண்ட் சரியாக நடந்த மாதிரியும் டூம் மட்டும் ஓடாத மாதிரியும் தெரியும்.

டாஸ்பாக்ஸ் -சி "மவுண்ட் சி ~/கேம்ஸ்" -சி "சி:" -சி "டூம் -ஸ்கில் 4 -வார்ப் 1 3" -சி எக்ஸிட்

ஒவ்வொரு முழுக் கட்டளையும் தன் மேற்கோளுக்குள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனி -சி. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் ~ குறியை பாஷ் விரிக்காது, ஆனால் டாஸ்பாக்ஸின் மவுண்ட்டுக்கு அது தெரியும் என்பதால் பிழைத்துக்கொள்ளும். $ஹோம் என்று எழுதி அதை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டீர்களானால் விரிக்க ஆளில்லை. இன்னொன்று, இந்த -சி எண்ணிக்கையைப் பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், டாஸ்பாக்ஸுக்குள் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது.

அறிகுறி: புரோகிராம் ஓடுகிறது, ஆனால் ஆர்கியுமென்ட்டைக் கண்டுகொள்ளவே இல்லை

டாஸ்பாக்ஸ் டூம்.எக்ஸி -ஸ்கில் 4 -வார்ப் 1 3

படிக்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள். ஆனால் பலிக்காது. ஃபைல் பெயரை நேராகக் கொடுத்தால் டாஸ்பாக்ஸ் அது இருக்கும் ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்து அந்தப் பெயரை மட்டும் ஓட்டும், பின்னால் வருவதைப் புரோகிராமுக்குக் கடத்தாது. பிழைச் செய்தியும் கிடையாது. ஆட்டம் வழக்கம்போல் முதலிலிருந்து தொடங்கும், நீங்கள் ஆர்கியுமென்ட்டின் எழுத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு மாலை முழுக்க அப்படித்தான் கழித்தேன்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. உங்கள் டாஸ் புரோகிராமின் ஆப்ஷனும் டாஸ்பாக்ஸின் ஆப்ஷனும் ஒரே பெயரில் இருந்தால் (-சி, -கான்ஃப், -எக்ஸிட் மாதிரி), டாஸ்பாக்ஸ் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஆர்கியுமென்ட் வேண்டுமென்றால் நேர்ப்பெயர் வழியை விட்டுவிட்டு மேலே சொன்ன -சி வழிக்கு வாருங்கள். அப்படி வந்த பிறகு -எக்ஸிட் ஆப்ஷனை நம்ப வேண்டாம், அது நேர்ப்பெயருக்காக இருக்கும் ஒன்று. கடைசிக் கட்டளையாக -சி எக்ஸிட் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் அந்த டைரக்டரி இல்லை என்கிறது

'பழைய கேம்ஸ்' என்ற ஃபோல்டரை மவுண்ட் செய்யச் சொன்னால் 'பழைய' என்பதோடு நின்றுவிடுகிறது. வெளி மேற்கோளை ஷெல் உரித்துவிட்டது, உள்ளே டாஸ்பாக்ஸ் படிக்கும்போது இடைவெளியைக் காக்க ஒன்றும் மிச்சமில்லை. மேற்கோளுக்குள் மேற்கோள் வேண்டும். லினக்ஸில் இரண்டு விதமாக எழுதலாம்:

-சி 'மவுண்ட் சி "/ஹோம்/நான்/பழைய கேம்ஸ்"'
-சி "மவுண்ட் சி \"/ஹோம்/நான்/பழைய கேம்ஸ்\""

எனக்கு முதலாவது பிடிக்கும், கண்ணுக்கு வலியில்லை. விண்டோஸில் இதை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும், வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை:

-சி "மவுண்ட் சி 'டி:\பழைய கேம்ஸ்'"

விண்டோஸில் ஓடும் டாஸ்பாக்ஸ் ஒவ்வொரு -சி துண்டுக்குள்ளும் இருக்கும் ஒற்றை மேற்கோளை எல்லாம் இரட்டையாக மாற்றிக்கொள்ளும். இதற்காகவே வேண்டுமென்றே எழுதி வைத்தது. லினக்ஸ் பதிப்பில் அந்த மாற்றம் கிடையாது, ஆகவே விண்டோஸுக்கு எழுதியதை அப்படியே லினக்ஸில் ஒட்டினால் ஓடாது. அதற்கு மறுபக்கமும் உண்டு: விண்டோஸில் உங்கள் புரோகிராமுக்கு உண்மையாகவே ஒற்றை மேற்கோள் போய்ச் சேர வேண்டுமென்றால் -சி வழியாக அனுப்ப முடியாது. பேட்ச் ஃபைலில் எழுதி அதை ஓட்டுங்கள்.

பவர்ஷெல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸோடு வரும் 5.1 பவர்ஷெல் வெளிப் புரோகிராமுக்குக் கொடுக்கும்போது உள்ளிருக்கும் இரட்டை மேற்கோளைத் தின்றுவிடும். உள்ளே ஒற்றை மேற்கோள் வைக்கும் இந்த வழி அங்கேயும் தப்பிக்கிறது.

அறிகுறி: பின்னால் வரும் -சி எல்லாம் சேர்ந்து ஒரே கட்டளையாக ஒட்டிக்கொண்டது, பாஷில் என்றால் என்டர் தட்டியதும் '>' என்று காத்துக்கொண்டு நிற்கிறது

கடைசி எழுத்தைப் பாருங்கள். "மவுண்ட் சி டி:\கேம்ஸ்\" என்று பேக்ஸ்லாஷில் முடித்திருப்பீர்கள். பேக்ஸ்லாஷும் மேற்கோளும் ஒட்டி வந்தால் 'இது முடிவு மேற்கோள் இல்லை, சாதாரண எழுத்து' என்றுதான் பாஷும் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் பக்கமும் எடுத்துக்கொள்ளும். மேற்கோள் மூடப்படாமலே அடுத்த -சி உள்ளே வந்துவிடும். பேக்ஸ்லாஷை இரட்டிப்பாக்கிப் பார் என்று சொல்வார்கள், அது எல்லா இடத்திலும் பலிக்காது. கடைசி பேக்ஸ்லாஷ் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள், "சிடி \ " மாதிரி தேவைப்படும் இடத்தில் மேற்கோளுக்கு முன் ஒரு இடைவெளி விட்டால் முடிந்தது.

லினக்ஸில் மேற்கோளே இல்லாமல் -சி சி:\கேம்ஸ்\டூம் என்று கொடுத்தால் பாஷ் பேக்ஸ்லாஷ்களை எல்லாம் உரித்து 'சி:கேம்ஸ்டூம்' என்று ஒட்டித் தரும். அதுவும் இதே குடும்பம்தான்.

அறிகுறி: 'டிரைவ் சி ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கிறது', அல்லது என் -சி கட்டளைகள் ஓடவே இல்லை

டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் ஃபைலின் கடைசியில் உள்ள ஆட்டோஎக்ஸெக் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பது முதலில் ஓடும், அப்புறம்தான் உங்கள் -சி வரிசை, கடைசியில் நேர்ப்பெயர். என்றைக்கோ அங்கே ஒரு மவுண்ட் எழுதி வைத்து மறந்திருப்பீர்கள். அங்கே ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை -சி காத்திருக்கும், அங்கே எக்ஸிட் இருந்தால் -சி க்கு வாய்ப்பே வராது. -நோஆட்டோஎக்ஸெக் என்று சேர்த்தால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடும்.

அறிகுறி: பேட்ச் ஃபைல் ஓடியது, அதற்குப் பிந்தைய கட்டளைகள் ஓடவில்லை, விண்டோவும் மூடவில்லை

-சி யில் கொடுக்கும் கட்டளைகளை எல்லாம் டாஸ்பாக்ஸ் இசட் டிரைவில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற ஒரு பேட்ச் ஃபைலில் வரிவரியாக எழுதி அதைத்தான் ஓட்டுகிறது. டாஸ் வழக்கப்படி ஒரு பேட்ச் இன்னொரு பேட்ச்சைச் சும்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போனவர் திரும்பி வர மாட்டார். -சி "கால் ஓட்டு.பேட்" என்று கால் போட்டுக் கூப்பிடுங்கள். (தமிழில் எழுதினால் காலால் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அறிகுறி: % குறி காணோம்

இதுவும் அதே காரணம்தான். -சி வரி பேட்ச் ஃபைலுக்குள் போவதால் அங்கே % க்குத் தனி அர்த்தம் உண்டு. தனி % ஒன்று மாயமாகிவிடும், இரண்டாக எழுதினால் ஒன்று மிஞ்சும். டாஸ்பாக்ஸைக் கூப்பிடுவதே விண்டோஸ் பேட்ச் ஃபைல் ஒன்றிலிருந்து என்றால் அங்கே ஒரு தடவையும் இங்கே ஒரு தடவையும் பாதியாகும், ஆகவே நான்கு. சிரிப்பாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். டாஸ்பாக்ஸ் பிராம்ப்ட்டில் நேராகத் தட்டும்போது இந்தத் தொல்லை இல்லை. 'கையால் தட்டினால் ஓடுகிறது, -சி யில் போட்டால் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தக் குறியைத்தான்.

அறிகுறி: 'இல்லீகல் கமாண்ட்: கேம்ஸ்'

கேம்ஸ்/டூம் என்று லினக்ஸ் பழக்கத்தில் ஸ்லாஷ் போட்டிருப்பீர்கள். டாஸில் ஸ்லாஷ் என்றால் ஆப்ஷன் தொடங்குகிறது என்று பொருள். கட்டளைப் பெயர் ஸ்லாஷ் வந்த இடத்தோடு முடிந்துவிடும், மீதி /டூம் என்பது 'கேம்ஸ்' என்ற இல்லாத கட்டளைக்கு ஆர்கியுமென்ட். அதனால்தான் 'டிர்/டபிள்யூ' என்று ஒட்டி எழுதினாலும் ஓடுகிறது. கேம்ஸ்\டூம் என்று மாற்றுங்கள்.

விசைப்பலகையில் பேக்ஸ்லாஷே வரவில்லை, முக்காற்புள்ளியும் வரவில்லை என்கிறவர்களுக்கு: ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 92 தட்டினால் பேக்ஸ்லாஷ், 58 தட்டினால் முக்காற்புள்ளி. நிரந்தரத் தீர்வு கீப் (கே, ஈ, ஒய், பி) கட்டளையில் விசைப்பலகை லேஅவுட்டைச் சரிசெய்வது.

அறிகுறி: இடைவெளி உள்ள ஃபைல் பெயரை மேற்கோளுக்குள் கொடுத்தும் புரோகிராம் இரண்டாக உடைக்கிறது

இப்போது மூன்றாவது ஆளிடம் வந்துவிட்டோம். டாஸ் ஆர்கியுமென்ட்டைப் பிரித்துக் கொடுப்பதில்லை. கட்டளைப் பெயருக்குப் பின்னால் இருப்பதை எல்லாம், முன் இடைவெளி உட்பட, ஒரே நீளச் சரமாகப் புரோகிராமின் கையில் கொடுத்துவிடும். உடைப்பது புரோகிராமின் பாடு. டர்போ சி யில் எழுதியது என்றால் மெயின் தொடங்குவதற்கு முன் ஓடும் துண்டு இரட்டை மேற்கோளை மதித்து ஒரே ஆர்க்வியாகத் தரும். டர்போ பாஸ்கலில் ஆர்கியுமென்ட்டை எடுத்துத் தரும் பாராம்ஸ்டருக்கு மேற்கோள் என்றால் என்னவென்றே தெரியாது, இடைவெளி கண்ட இடத்தில் வெட்டும், மேற்கோள் குறியும் துண்டோடு ஒட்டிக்கொண்டே வரும். அசெம்பிளியில் எழுதியது என்றால் எழுதியவர் மனநிலையைப் பொறுத்தது.

அப்படியே உடையாமல் போனாலும் டாஸில் அந்த நீளப் பெயரில் ஃபைல் இருக்காது. எட்டு எழுத்தும் மூன்று எழுத்தும்தான், மிச்சத்தை டாஸ்பாக்ஸ் ~1 போட்டுச் சுருக்கிக் காட்டும். டிர் தட்டி, அங்கே தெரியும் பெயரைக் கொடுங்கள். ஃபோல்டரில் ஃபைல்கள் கூடிக் குறைந்தால் ~1 என்பது ~2 ஆக மாறலாம் என்பதால், அடிக்கடி ஓட்டுகிற வேலைக்கு ஃபைல் பெயரையே வெளியே குட்டையாக மாற்றி வைப்பதுதான் நிம்மதி. மவுண்ட் மட்டும் ஏன் நீளப் பெயரை ஏற்கிறது என்றால், அது எமுலேட்டரின் சொந்தக் கருவி, வெளி உலகத்துப் பாதையைத்தான் அது பார்க்கிறது.

நடுவில் பேட்ச் ஃபைல் ஒன்று இருந்தால் இன்னொரு சிக்கல். "அ ஆ" என்று பேட்ச்சுக்குக் கொடுத்தால் டாஸ்பாக்ஸில் %1 ஆக வருவது மேற்கோள் உரிந்த அ ஆ. அதை உள்ளே புரோகிராமுக்கு %1 என்று கடத்தினால் இரண்டு ஆர்கியுமென்ட்டாகிவிடும். உள்ளே "%1" என்று திரும்பவும் மேற்கோள் போடுங்கள். மேலே எக்கோ சோதனையை முழுசாக நம்ப வேண்டாம் என்றது இதனால்தான்: மேற்கோள் வந்து சேர்ந்ததா என்பதை அது காட்டாது. அசல் டாஸின் ஷெல்லான கமாண்ட்.காம் மேற்கோளைப் பார்க்காமல் இடைவெளியில் வெட்டும், அதாவது உண்மையான டாஸ் கணினியில் நடப்பது வேறு.

அறிகுறி: நீள ஆர்கியுமென்ட்டின் வால் அறுந்துபோகிறது

ஆர்கியுமென்ட் சரம் புரோகிராமுக்குப் போய்ச் சேரும் இடம், பிஎஸ்பி எனப்படும் 256 பைட் பகுதியின் பின் பாதி. 128 பைட்டில் நீளத்துக்கு ஒன்று, முடிவுக் குறிக்கு ஒன்று, மிச்சம் 126. முன் இடைவெளியும் அதில் சேரும். டாஸ்பாக்ஸ் அதற்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. கம்பைலருக்கு நாலைந்து இன்க்ளூட் பாதை கொடுத்தாலே தாண்டிவிடும், கடைசிப் பாதை பாதியில் அறுந்து 'ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லை' என்று வரும், நீங்கள் ஹெடர் ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பல புரோகிராம்களில் @ வழி இருக்கிறது. ஆர்கியுமென்ட்டை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, @ போட்டு அந்தப் பெயரைக் கொடுப்பது. போர்லாண்டின் டிசிசி கம்பைலர், டிலிங்க் லிங்கர் இரண்டும் ஏற்கும், டூமும் ஏற்கும், ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் பிகேஜிப் ஃபைல் பட்டியலை இப்படி வாங்கிக்கொள்ளும். @ இல்லாத புரோகிராம் என்றால் ஆழத்தில் கிடக்கும் ஃபோல்டரைத் தனி டிரைவாக மவுண்ட் செய்யுங்கள். பாதை 'டி:\' என்று சுருங்கிவிடும்.

அறிகுறி: வெளியீடு தவறான ஃபைலுக்குப் போகிறது

'>' குறி மேற்கோளுக்கு வெளியே இருந்தால் அதை எடுத்துக்கொள்வது உங்கள் ஷெல். ஃபைல் உங்கள் கணினியில் உருவாகும், அதில் இருப்பது டாஸ்பாக்ஸின் சொந்தப் புலம்பல். -சி "காட்டு > வெளி.டிஎக்ஸ்டி" என்று உள்ளே வையுங்கள். '2>&1' பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்: 2 ஒரு ஆர்கியுமென்ட்டாகப் போய்விடும், '&1' என்ற பெயரில் ஒரு ஃபைல் பிறக்கும். செங்குத்துக் கோடு போட்டு இரண்டு கட்டளையை இணைப்பதும் 0.74 இல் கிடையாது, முதல் பாதி மட்டும் ஓடும். புரோகிராமுக்கே '>' குறியை அனுப்ப வேண்டுமென்றால் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் டாஸ்பாக்ஸ் தொடாது.

அறிகுறி: டர்போ சி க்குள் ஆர்க்சி எப்போதும் 1

நம்ம ஊர் கல்லூரி லேப்களில் டாஸ்பாக்ஸோடு சேர்த்துக் கட்டிய டர்போ சி++ தான் பல வருடம் ஓடியது என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. என் அத்தை மகன் கமாண்ட் லைன் ஆர்கியுமென்ட் பயிற்சியில் இரண்டு மணி நேரம் இதில் சிக்கிக்கொண்டு, புரோகிராமை நான்கு தடவை திருத்தி எழுதியிருக்கிறான். அதில் ஒரு தப்பும் இல்லை. நீல எடிட்டருக்குள்ளிருந்து ஓட்டும்போது ஆர்கியுமென்ட் கொடுக்க யாருமில்லை, ஆர்க்வியின் பூஜ்ஜியத்தில் புரோகிராமின் முழுப் பாதை மட்டும் இருக்கும். டர்போ சி++ 3.0 இல் ரன் மெனுவுக்குள் ஆர்கியுமென்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அங்கே எழுதிவிட்டு ஓட்டுங்கள். புரோகிராம் பெயரை அங்கே எழுத வேண்டாம், ஆர்கியுமென்ட் மட்டும். இல்லையென்றால் டாஸ் ஷெல்லுக்கு இறங்கி எக்ஸி பெயரோடு தட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் வரி நீண்டுகொண்டே போகிறது, விண்டோஸ் ஷார்ட்கட்டின் டார்கெட் பெட்டி 260 எழுத்தோடு நின்றுவிடுகிறது என்றால், அந்த வரியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடுங்கள். ஆட்டத்துக்கு ஒன்றாகச் சின்ன கான்ஃப் ஃபைல் வைத்துக்கொள்ளலாம்:

[ஆட்டோஎக்ஸெக்]
மவுண்ட் சி "/ஹோம்/நான்/பழைய கேம்ஸ்"
சி:
டூம் @அமைப்பு.டிஎக்ஸ்டி
எக்ஸிட்

வெளியே டாஸ்பாக்ஸ் -யூசர்கான்ஃப் -கான்ஃப் டூம்.கான்ஃப் என்பது மட்டும்தான். -யூசர்கான்ஃப் எதற்கென்றால், -கான்ஃப் கொடுத்தால் உங்கள் வழக்கமான அமைப்புகளை டாஸ்பாக்ஸ் படிக்காது, இதைச் சேர்த்தால்தான் படிக்கும். இந்த ஃபைலை உங்கள் ஷெல் எட்டிப்பார்ப்பதே இல்லை, அதனால் மேற்கோளுக்குள் மேற்கோள், பேக்ஸ்லாஷ் உரிவது எல்லாம் இங்கே கிடையாது. % மட்டும் இங்கேயும் இரண்டாகத்தான் எழுத வேண்டும்.